வீட்டு உபயோகத்துக்கு ஒரு லைட்

எங்கள் வீட்டில் ஃபிளாஷை யாரும் ஃபிளாஷ் என்று சொன்னதில்லை. லைட் என்பார்கள். வாசலில் எரிவதும் லைட், சைக்கிளில் டைனமோ உரசி எரிவதும் லைட், கேமராவின் தலையில் மாட்டுவதும் லைட். எட்டாம் வகுப்புக்கு ஒளியியல் பாடம் நடத்துகிற நான் அதற்கெல்லாம் வித்தியாசம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? சொல்லப்போனால் அந்தப் பொருளை நான் கேட்கவே இல்லை. நான் கேட்டது லென்ஸ்.

தொண்ணூறுகளின் நடுவில், சம்பள நிலுவை மொத்தமாக வந்த ஒரு மாதம், மதுரையில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. ஐம்பது என்று எண் போட்ட சாதாரண லென்ஸ் ஒன்று கூடவே வந்தது. அதற்கு முன்னும் பின்னும் என் சம்பளக் கவர் பிரிக்கப்படாமல் அப்பாவின் கைக்குத்தான் போனது. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துபோனாள். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டையும் பள்ளிக்கூடமாகவே நினைத்தார், மணி அடிக்காததுதான் குறை. கேமராவை அவர் தடுக்கவில்லை. "ஒரு தடவ ஆசப்பட்ட, சரி. இதோட போதும்" என்றார். மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு அடங்கிப்போன சமயம் அது. கேமரா அதற்கு ஈடு என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

அப்போது எனக்கு வேலை ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில். எங்கள் ஊரான திண்டுக்கல்லில் ஏறி ஒட்டன்சத்திரத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பஸ் மாறுகிற இடத்தில் நின்றால் எதிர்ப்பக்கம் காய்கறி லாரிகள் வரிசையாகத் தெரியும். முருங்கைக்காய்க் கட்டுகளைத் தோளில் சாய்த்து, பலகையில் ஏறி, லாரிக்குள் எறிந்துவிட்டு வருகிற ஆட்கள். தக்காளிக் கூடையைச் சுற்றி உட்கார்ந்து அழுகலைப் பொறுக்குகிற பெண்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது நாலு பேர் ஒரே நேரத்தில் பின்னால் சாய்வார்கள். கேரளாவுக்குப் போகிற அவசரத்தில் யாருக்கும் யாரையும் பார்க்க நேரமிருக்காது. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு அரிப்பு. அழகாக இருந்தது என்று மட்டும் சொன்னால் பொய். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை கேமராவோடு அங்கே போனேன். ஐம்பது லென்ஸின் குணம் என்னவென்றால், ஆளை எடுக்க ஆளுக்கு அருகே போக வேண்டும். போனேன். நான் சாலையைத் தாண்டியதுமே வேலை நின்றுவிட்டது. தூக்கிய மூட்டையோடு ஒருவர் அப்படியே விறைத்து நின்றார். ஒருவர் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள்.

"ஏனுங்க, பத்திரிகைங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லைங்க, சும்மா."

"சும்மாவா?" என்று அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். சும்மா போட்டோ எடுக்க ஒரு பெண்பிள்ளை லாரிப்பேட்டைக்கு வருவாள் என்பதை அங்கே யாரும் நம்பத் தயாரில்லை. அதற்குள் ஒரு கமிஷன் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்கம்மா, வரி ஆபீஸ்ல இருந்து வர்றீங்களா? எதா இருந்தாலும் உள்ள வந்து பேசலாமுங்க" என்று டீ சொல்லிவிட்டார். அந்த டீயைக் குடித்தேன், வேறு என்ன செய்ய. அன்று எடுத்த படங்களில் எல்லோரும் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டோ இளித்துக்கொண்டோ இருக்கிறார்கள். ஒரு படத்தில்கூட யாரும் வேலை செய்யவில்லை.

நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. பஸ்ஸில் போன உறவுக்காரர் யாரோ பார்த்திருக்கிறார்.

"ஒட்டன்சத்திரத்துல லாரிக்காரங்களுக்கு நடுவுல என்ன சோலி உனக்கு?" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் பயம். "படம் எடுக்கணும்னா வீட்டுல எடு. கோயில்ல எடு. சொந்தக்காரங்க வீட்டுல விசேஷம் இல்லாமயா கெடக்கு?"

அதற்குப் பிறகுதான் எனக்கு லென்ஸ் பித்துப் பிடித்தது. தூரத்தை அருகே இழுக்கிற லென்ஸ் ஒன்று இருந்தால் சாலையைத் தாண்ட வேண்டியதில்லை. பஸ் நிற்கிற இடத்தில், காத்திருக்கிற பெண்களோடு பெண்ணாக, குடை நிழலில் நின்றே எடுத்துவிடலாம். அப்பாவுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, கமிஷன் கடைக்காரரின் டீயையும் குடிக்க வேண்டியதில்லை. ஆண் என்றால் கால் போதும், நான் லென்ஸ் தேட வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு எரிகிறது.

மதுரைக் கடைக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று நினைவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் வரிசையாக இருக்கும். 28, அகலமாகப் பார்ப்பது. 135, கொஞ்சம் தூரம். 200, நல்ல தூரம். முன்னும் பின்னும் இழுக்கிற ஜூம் ஒன்று, ஆனால் அதில் ஓரம் மங்கும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். 28-ஐ நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அகலமாக எடுத்து என்ன செய்ய? கூட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு மாட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்தேன்.

ஒருநாள் கடைக்காரர் என் கேமராவில் 200-ஐ மாட்டிக் கொடுத்தார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவருடைய புருவத்தில் நின்ற வியர்வை தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. பஸ்ஸில், தெருவில், கோயிலில், பள்ளியில், போகிற இடமெல்லாம் என்னை யாராவது பார்த்துக்கொண்டே இருந்த ஊரில், முதல்முறையாக நான் ஒருவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரர் கை நீட்டும்வரை கேமராவை இறக்கவில்லை.

"வீட்டு யூஸா மேடம்?" என்றார் அவர்.

"ஏன்?"

"வீட்டு யூஸுக்கு இது சரிப்படாது. நாலு எட்டுத் தள்ளி நின்னாத்தான் போகஸே ஆகும். தள்ளி நின்னாலும் ஒரு மூஞ்சிதான் அடங்கும். லேடீஸுக்கு நான் லைட்தான் சொல்லுவேன்."

துபாயில் வேலை பார்த்த தம்பி வாரா வாரம் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவான். எங்களுக்குப் போன் வராத காலம். நான் ஓடிப்போய் எடுத்து, லீவுக்கு வரும்போது ஒரு லென்ஸ் வாங்கி வர முடியுமா என்று கேட்டேன். இருநூறு, இந்த வகைக் கேமராவுக்கு, தூரத்தில் இருப்பதை எடுக்க என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "தூரத்துல இருக்குறத எடுக்கணும், அதான? விடுக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றான். பிறகு அப்பா போனை வாங்கி வெகுநேரம் பேசினார்.

தம்பி வந்தான். பெட்டியைப் பிரித்தான். சென்ட், சோப்பு, அப்பாவுக்கு ரேடியோ, எல்லாவற்றுக்கும் அடியில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். கையில் வாங்கியபோதே எடை சரியில்லை என்று தெரிந்தது. லென்ஸ் கனக்கும். இது பருமனாக, லேசாக இருந்தது. பிரித்தால் லைட். பெரிய தலை, மேலும் கீழும் திரும்புகிற கழுத்து.

"நான் லென்ஸுல்ல கேட்டேன்."

"தூரத்துல எடுக்கணும்னுதான கேட்ட? இத விடப் பவரான லைட்டு அந்தக் கடையிலயே இல்லக்கா. எம்புட்டுத் தூரம்னாலும் அடிக்கும்."

அவன் என்னை ஏமாற்றவில்லை. அதுதான் கஷ்டம். லைட் எட்டினால் படம் எட்டும் என்று அவன் மனதார நம்பினான். டார்ச் அடித்தால் தூரத்தில் இருப்பது தெரிகிறதே, அது மாதிரி. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். சப்பரம் தெருக்கோடியில் வரும்போதே இந்தக் கோடியில் நின்று பளிச் பளிச்சென்று அடிப்பார்கள். "பாரு" என்று என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனான். மசங்கிய பொழுது. மலைக்கோட்டையைப் பார்த்துக் கேமராவை நீட்டி அமுக்கினான். பக்கத்து மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பிலிமைக் கழுவி வந்தபோது பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த பாவாடை வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தது. மலை இருந்த இடத்தில் கருப்பு. "ரோல் சரியில்ல" என்றான் தம்பி.

நான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். இந்த வெளிச்சம் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான், இரண்டு மடங்கு தள்ளி நிற்பவனுக்குக் கால் பங்குதான் போகும் என்றேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கே புரிந்த விஷயம். தம்பி தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான். "அதான் ஒண்ணு வந்துருச்சே, இன்னும் என்ன லென்சு?" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். போனில் அவர் என்ன பேசியிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து நான் வீட்டு உபயோகத்துக்கு ஆனேன். ஞானஸ்நானம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, வீடு மந்திரிப்பு, எதற்கும் ஸ்டுடியோவைத் தேட வேண்டியதில்லை, டீச்சர் இருக்கிறாள். "லைட்ட எடுத்துக்கிட்டு வந்துரு பிள்ள" என்று சொல்லி அனுப்புவார்கள். பந்தியில் எனக்கு இலை போடுவது கடைசியில்தான். துட்டி வீட்டையும் விடவில்லை. கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் மொத்தமும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். முகம் தெரிய வேண்டும் என்று தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். அதுவரை தலையில் அடித்துக்கொண்டு அழுதவர்கள் மூக்கைத் துடைத்து, சேலையைச் சரிசெய்து, உயரப்படி நிற்பார்கள். லைட் தயாராக ஞீ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்குகிறவரை துக்கமும் பொறுத்திருக்கும். பளிச்சென்றதும் மறுபடி அழுகை எழும்பும். நான் அடுத்த படத்துக்காகச் சுருளை நகர்த்துவேன்.

ஒட்டன்சத்திரத்தில் பஸ் மாறும்போது மட்டும் அந்த லாரிகளைப் பார்ப்பேன். பையில் கேமரா இருக்காது. பிறகு சில வருடங்களில் உள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது, அதுவும் போயிற்று.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அப்பா இறந்தார். துபாய் வேலையை விட்டு வந்த தம்பி அப்போது ஊரிலேயே தனி வீடு கட்டி இருந்தான். அப்பாவோடு கடைசிவரை இருந்தது நான். கஞ்சி கொடுத்ததும் படுக்கை மாற்றியதும் நான். அதைச் சொல்லிக் காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சாயங்காலம் பெட்டியை மூடுகிற நேரம். மழை மேகத்தால் தெருவே இருட்டி இருந்தது. வாசலில் சாமியானாவுக்குக் கீழே பெட்டி. தம்பி என் அருகே வந்தான்.

"அக்கா, கேமராவ எடுத்துட்டு வா. சாமியார் வந்துட்டாரு, நேரமாகுது."

"இன்னைக்கு நான் எடுக்க மாட்டேன். நானும் நிக்கணும்."

அவனுக்குப் புரியவே இல்லை. "யாரு எடுப்பா அப்ப?" என்றான். சுற்றி நின்றவர்களும், "நீ எடுத்தா நல்லா வருமே பிள்ள" என்றார்கள். என் அப்பாவின் பெட்டிக்கு அருகே எனக்கு இடம் வேண்டும் என்பது அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. "ஸ்டுடியோவுல போய்க் கூட்டிட்டு வா" என்றேன்.

ஸ்டுடியோக்காரர் வந்தார். நல்ல மனிதர், என் பிலிம்களை எல்லாம் கழுவித் தந்தவர். அவசரத்தில் அவர் லைட்டை எடுத்துவராததால் தம்பி பீரோவைத் திறந்து என் லைட்டைக் கொடுத்தான். நாங்கள் நின்றோம். தலைமாட்டில் தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள், பிறகு சித்தப்பா வகையறா. கால்மாட்டில் நான். எங்கள் தெரு குறுகல். ஸ்டுடியோக்காரர் பின்னால் போய்ப் போய் எதிர்வீட்டுச் சுவரில் முதுகு இடித்தார். கேமராவில் பார்த்தார். இடதுபுறம் கையாட்டினார்.

"கால்மாட்டுல நிக்கிற டீச்சர் மட்டும் செத்த விலகிக்கிட்டா எல்லாரும் வந்துருவாங்க."

"அப்ப நான் எல்லாருல இல்லையா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சாமியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். நான் நகரவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு 28 ஞாபகம் வந்தது. தொட்டுக்கூடப் பார்க்காத அந்தக் குட்டை லென்ஸ். அது ஒன்று இருந்திருந்தால் அவர் சுவரில் சாய்ந்தபடியே எங்கள் எல்லோரையும் எடுத்திருக்கலாம். ஒட்டன்சத்திரத்துக்காக 200 வேண்டும் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டினேன், கிடைத்தது லைட், அன்றைக்குத் தேவைப்பட்டதோ நான் வேண்டாம் என்று ஒதுக்கியது. அப்பாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இதையா நினைப்பாள் ஒருத்தி என்று தோன்றும். நினைத்தேன். வேறு எதை நினைத்தாலும் தாங்கியிருக்க மாட்டேன்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நேராக எடுக்க இடமில்லாததால் தெருவின் நீளவாக்கில் தலைமாட்டுப் பக்கம் தள்ளிப் போய், அங்கிருந்து சாய்வாகப் பிடித்தார். தம்பி அருகில். நான் கடைசி. லைட் ஞீ என்று தயாரானது. அங்கிருந்து அடித்தால் என்வரை வராது என்று எனக்குத் தெரியும். கால் பங்கில் கால் பங்குகூட வராது. வாயைத் திறந்தால் சொல்லியிருக்கலாம். அப்பாவின் காலடியில் நின்றுகொண்டு வெளிச்சக் கணக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. பளிச்சென்றது. அழுகை எழும்பியது. நானும் அழுதேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து தம்பி வீட்டில் சாப்பாடு. கூடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, தங்கக் கலர் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் போட்டிருந்தது. தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள், பளிச்சென்று. சித்தப்பா கொஞ்சம் மங்கல். அப்பாவின் முழங்காலோடு படம் முடிந்துவிட்டது.

முழங்கால் முடிகிற இடத்தில், சட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்தேன். பிறகு கேட்டேன்.

"இந்தப் பக்கம் எங்கடா?"

"கால்மாட்டுப் பக்கம் ஒண்ணுமே விழலக்கா. வெறும் கருப்பு. நல்லா இருக்காதுன்னு வெட்டிரச் சொன்னேன்."

"அங்கன நான் நின்னேன்."

"தெரியும்க்கா. அவனுக்குப் பிடிக்கத் தெரியல. அந்த லைட்டுக்கு என்ன, எம்புட்டுத் தூரமும் போகும்" என்று வெஞ்சனக் கிண்ணத்தை என் இலைப் பக்கம் நகர்த்தி வைத்தான். இப்போதும் அவன் பொய் சொல்லவில்லை. அவன் நின்ற இடத்தில் வெளிச்சம் இருந்தது, அதனால் எல்லா இடத்திலும் இருந்திருக்கும் என்று நினைத்தான்.

அந்த மாதம் சம்பளக் கவரை முதல்முறையாக நானே பிரித்தேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மதுரைக் கடையில் பிலிம் கேமரா சாமான்களை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு டிஜிட்டலை முன்னால் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் 28-ம் 200-ம் அருகருகே தூசி படிந்து கிடந்தன. கேட்பார் இல்லாததால் இரண்டுமே சல்லிசு. 28-ஐ எடுத்து மாட்டிப் பார்த்தேன். கடை முழுவதும் அடங்கியது, ஓரத்தில் நின்ற எடுபிடிகூட. கழற்றி வைத்தேன். எல்லோரையும் அடக்கிக் காட்ட எனக்கு இனி என்ன வந்தது?

200-ஐ வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை ஒட்டன்சத்திரத்தில், பழைய இடத்தில், குடை நிழலில் நின்றேன். லாரிகள் பெரிதாகியிருந்தன. பெண்கள் அப்படியேதான் கூடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அழுகல் தக்காளியைத் தூர எறியும்போது கை விரிந்ததை எடுத்தேன். அவளுக்குத் தெரியாது. நான் எதிர்பார்த்த சந்தோஷம் வந்ததா என்றால், வரவில்லை. என் தலையில் நரை விழுந்திருந்தது. இந்த வயதில் சாலையைத் தாண்டிப் போய் எடுத்திருந்தாலும் எவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மகளுக்குப் புதுநன்மை, வந்து எடுத்துக் கொடு என்று சொல்ல. மேசைமேல் இருந்த கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக் கூடத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சுவர், காலண்டர், என் முகம், எதுவும் பிடிபடவில்லை.

"என்னக்கா இது? எல்லாம் மங்கலாத் தெரியுது. இத வச்சு வீட்டுக்குள்ள ஒண்ணும் எடுக்க முடியாது போலயே."

"முடியாது" என்றேன். பீரோவைத் திறந்து லைட்டை எடுத்து, அவன் கொண்டுவந்த அதே துணியில் சுற்றி, அவன் கையில் கொடுத்தேன்.